கைமடியும் முதலாளியும்: திருப்பூர்த் தொழிற்சொற்கள் காட்டும் ஏற்றத்தாழ்வு

திருப்பூர் என்றவுடன் நினைவிற்கு வருவது பனியன். அச்சொல் தமிழ்ச்சொல் அன்று. குசராத்தி மொழியில் வணிகனைக் குறிக்கும் வாணியோ என்னும் சொல் போர்த்துகீசியர் நாவில் பனியன் எனத் திரிந்து, மேலைக்கடற்கரையில் வாணிகம் செய்த ஒரு சாதியாரைக் குறிக்கலாயிற்று. அவ்வணிகர் அணிந்தது போன்ற தளர்ந்த மேற்சட்டைக்கு ஆங்கிலேயர் அப்பெயரையே இட்டனர். நாளடைவில் அது உள்ளாடையின் பெயராகி இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவிற்று. ஆகவே, பல்லாயிரவர் நாள்தோறும் வெட்டியும் தைத்தும் மடித்தும் அனுப்பும் ஓர் ஆடையின் பெயருக்குள் ஒரு சாதியின் பெயர் மறைந்து கிடக்கின்றது. தைப்பாரும் இதனை அறியார், உடுப்பாரும் அறியார்.

இச்சொல் வரலாற்றை ஈண்டு முதற்கண் எடுத்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. சமுதாய ஏற்றத்தாழ்வை ஆராய்வோர் பெரும்பாலும் ஊதியக் கணக்கினையும் மக்கட்கணக்கினையும் சான்றாகக் கொள்வர். அவை வேண்டுவனவே. எனினும், ஒரு தொழிலில் வழங்கும் சொற்களும் சான்றாகும். யார் எப்பெயரால் அழைக்கப்படுகின்றார், எவ்வேலைக்குத் தனிப்பெயர் உண்டு, எதற்கு இல்லை என்பனவற்றை நோக்கின், கணக்கேடு காட்டாத சில செய்திகள் புலனாகும். வர்க்கம், சாதி, பால் என்னும் மூன்றும் திருப்பூரில் தனித்தனி நின்று செயற்படவில்லை என்பதும், ஒன்றன் வழியாகவே மற்றொன்று செயற்படுகின்றது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ முயலும் கருத்து.

பெயர்கள் சில

மூன்று சொற்களும் இன்றைய பொருளில் பழமையானவை அல்ல. தொல்காப்பிய மரபியலில் சாதி என்னும் சொல் நீரில் வாழும் உயிர்வகையைக் குறித்தே வருகின்றது. பால் என்பது பகுப்பு. ஐம்பால் என்று இலக்கணம் கூறும்போது ஆண், பெண் என்னும் வேறுபாட்டோடு ஒருமை பன்மை வேறுபாடும் அதனுள் அடங்கும். வர்க்கம் எழுத்திலக்கணத்திலும் கணக்கிலும் வழங்கிப் பின்னரே பொருளாதார நிலையைக் குறிக்க வந்தது. வகுப்பு என்னும் சொல்லோ சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சாதியையும் சமயக் கூட்டத்தையும் குறித்தது. வகுப்புரிமை என்று அக்காலத்தார் பேசியது அப்பொருளிலேதான். இனம் என்பதன் நிலை இன்னும் குழப்பமானது. ஆநிரையையும் உறவினரையும் குறித்த அச்சொல், இன்று பட்டியல் இனம் என்னுமிடத்துச் சாதியையும், இனவெறி என்னுமிடத்து நிறவேற்றுமையையும், தமிழினம் என்னுமிடத்து மொழிவழி மக்களையும் குறிக்கின்றது. இக்குழப்பம் திருப்பூர் பற்றிய ஆய்வில் பயன்படும் என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

முதலாளி, தொழிலாளி என்னும் இரு சொற்களும் ஒரே ஈறு கொண்டவை. ஆள் என்னும் வினையடி ஆட்சி செய்தலையும் உடைமையாகக் கொள்ளுதலையும் உணர்த்தும். ஆள் என்னும் பெயரோ பணிசெய்பவனையும் உணர்த்தும். பண்ணையாள் என்பதும் ஆள் தேவை என்பதும் இப்பிற்பொருளின. ஆளுபவனும் ஆளப்படுபவனும் ஒரு சொல்லின் இருபுறத்தே நிற்கின்றனர். கிராமத்தில் ஆள் என்றாற் பெரும்பாலும் ஆணே. பெண்ணைக் குறிக்கப் பெண்ணாள் என்றோ பொம்பளையாள் என்றோ அடைகொடுத்துக் கூறுவர். முதலாளியம்மா என்பதும் இவ்வாறே. அச்சொல் முதலுடைய பெண்ணைக் குறித்தல் அரிது; முதலாளியின் மனைவியையே பெரும்பாலும் குறிக்கும். வகுப்பறையில் யாம் இதனைக் கூறியபோது, தாய் பனியன் நிறுவனத்தில் வேலை செய்யும் மாணவி ஒருவர், தொழிலாளியம்மா என்று ஒரு சொல் ஏன் இல்லை என வினவினார். விடை கூற எமக்குச் சிறிது நேரம் ஆயிற்று. மனைவி என்னும் நிலையாற் சிறப்புப் பெறுவதற்குத் தொழிலாளியிடம் முதல் இல்லை என்பதே விடை.

உழைப்பால் உயர்ந்தோர்

நொய்யற்கரையில் உள்ள திருப்பூர், பின்னல் தொழிலுக்கு முன்னரே பருத்திச் சந்தையாகவும் கதர் நிலையமாகவும் பெயர் பெற்றிருந்தது. 1932 இல் கொடிகாத்த குமரன் உயிர் நீத்த ஊர் என்பதை யாவரும் அறிவர். பின்னற்பொறிகள் 1920களிலேயே அங்கு வந்தன என்பர். தொடக்கத்து உரிமையாளர் பெரும்பாலும் வணிகப் பின்னணியினர். 1960கள், 1970களிற் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து கொங்கு வேளாளக் கவுண்டர் குடும்பங்களின் இளைஞர் தொழிலாளராக உள்ளே வந்தனர். 1970களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகரின் வருகையால் ஏற்றுமதி தொடங்கிற்று. பஞ்சப்படி வேண்டி 1984 இல் நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் தம் வேலையைப் பிரித்துச் சிறு கூடங்களுக்கு அளிப்பது மிகுந்தது. வெட்டல், தைத்தல், சாயமிடல், அச்சிடல், தேய்த்தல் ஒவ்வொன்றும் தனித்தனிக் கூடத்தில் நடக்கும் இம்முறையால், நேற்றைய தொழிலாளர் பலர் இன்றைய உரிமையாளர் ஆயினர். ஏற்றுமதியாளர் சங்கம் 1990 இல் நிறுவப்பட்டது.

இவ்வாறு உயர்ந்தோரிடம், நீவிர் உயர்ந்தது எவ்வாறு என வினவினால் வரும் விடை ஒரே சொல்: உழைப்பு. சரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004 இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இச்சொல்லையே மையமாகக் கொண்டு திருப்பூரின் வரலாற்றை எழுதினார். உழவனின் மகன், வயலில் வேலையாளோடு தானும் இறங்கி வேலை செய்த பழக்கத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, தொழிலாளியோடு தொழிலாளியாய் நின்று வேலை வாங்கினான் என்பது அவர் கருத்தின் ஒரு பகுதி. இதனைப் பொய்யென்று தள்ளுதல் முறையன்று. இரவும் பகலும் பொறியின் முன் நின்று, கண் கெட்டு, முதுகு வளைந்து கடன் அடைத்தோரை யாமும் அறிவோம்.

ஆயினும் உழைப்பு என்னும் சொல்லை மொழிநூல் நோக்கில் ஆராய வேண்டும். உழத்தல் என்பது வருந்துதல்; உழைத்தல் அதனோடு தொடர்புடையது. வருத்தம் என்னும் பொருளோடு ஈட்டம் என்னும் பொருளும் உழைப்பிற்கு உண்டு. ஈழத்தமிழர் வருவாயையே உழைப்பு என்று வழங்குவர். ஒரு சொல்லில் வருத்தமும் ஈட்டமும் அடங்கியிருப்பதால், வருந்தினார் யாவரும் ஈட்டினார் என்று கொள்ளும் மயக்கம் எளிதில் எழுகின்றது. திருப்பூரில் வருந்தியோர் எண்ணிறந்தோர். அவருட் சிலருடைய வருத்தமே முதலாயிற்று. பிறருடையது வருத்தமாகவே நின்றுவிட்டது. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதலாவது, நிலம். சிறு உழவனாயினும் அவனுக்குச் சிறிது தோட்டமோ காடோ இருந்தது. அதனை விற்றோ ஈடுவைத்தோ இரண்டு தையற்பொறி வாங்கலாம். தொழில் நொடித்தால் மீண்டுபோக ஒரு வீடும் கிணறும் உண்டு. நிலமற்ற அருந்ததியர் குடும்பத்து இளைஞன் அவனினும் மிகுதியாக உழைத்திருப்பினும் ஈடுவைக்க அவனிடம் ஒன்றுமில்லை. அடுத்து, உறவு. பங்காளியும் மாமன் மச்சானும் கைம்மாற்றுக் கொடுப்பர்; பழம்பொறியைத் தவணைக்கு விடுவர்; தமக்கு வந்த வேலையிற் பாதியைப் பிரித்து அளிப்பர். பத்திரம் எழுதாத இக்கடனுக்கு ஈடாக நிற்பது நம்பிக்கை. அந்நம்பிக்கை ஓடும் வாய்க்கால் சாதி. உறவுமுறைச் சொல் எவ்வளவு தொலைவு செல்லுமோ அவ்வளவு தொலைவே கடனும் செல்லும். ஈண்டு வர்க்கம் மாறுவதற்குச் சாதி ஏணியாய் நிற்கின்றது.

மூன்றாவதனைப் பேசுவோர் குறைவு. அது திருமணம். கொங்கு நாட்டு வேளாளரிடையே முன்பு பரிசமுறை வழங்கியது. பணப்பெருக்கத்தோடு பெண்வீட்டார் நகையும் பொருளும் அளிக்கும் வழக்கம் வளர்ந்தது. மனைவியின் நகை வங்கியில் அடகாகிப் பொறியாக மாறியது பல குடும்பங்களின் கதை. சிறு கூடத்தில் அவளே துணியைச் சோதித்தாள், பிசிறு வெட்டினாள், வேலையாட்களுக்குச் சோறாக்கினாள். அவள் பெயர் கூலிப்புத்தகத்தில் இல்லை. உழைப்பால் உயர்ந்தேன் என்று தன்மை ஒருமையிற் பேசும் கூற்றினுள் அவளுடைய உழைப்பு அடங்கிவிட்டது. தன்மை ஒருமைக்குப் பால் வேறுபாடு காட்டும் விகுதி தமிழில் இல்லை. ஆயினும் இவ்விடத்தில் யான் என்பது ஆண்பாலே.

கைமடி

இனி, இத்தொழிலின் கீழ்ப்படியை நோக்குவோம். பனியன் நிறுவனங்களின் வாயிலில் ஆட்கள் தேவை என்று தொங்கும் தட்டிகளைப் படித்தவர் அறிவர்: சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், அயனிங், பேக்கிங், செக்கிங், கைமடி. இப்பட்டியலில் கைமடி ஒன்றே தூய தமிழ். தைப்பவரின் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்தல், தைத்து விழுவதை எடுத்து அடுக்குதல், பிசிறு வெட்டுதல் ஆகிய வேலைகள் அச்சொல்லில் அடங்கும். அவ்வேலையும் கைமடி; அதனைச் செய்பவரும் கைமடி. மேசைக்கு இரண்டு கைமடி வேண்டும் என்பர். துணி வெட்டுபவர் மாஸ்டர் ஆகின்றார். மடிப்பவர் தம் வேலையின் பெயராகவே எஞ்சுகின்றார்.

முன்னாளிற் சிறுவரும் சிறுமியரும் கைமடியாகவே இத்தொழிலில் நுழைந்தனர். குழந்தைத் தொழில் பரவலாக இருந்த 1980களில் வளர்ந்த தொழிலாளர் பலரின் கல்விக்கூடம் அதுவே. ஆனால் சிறுவனுக்கு அது முதற்படி. சிறுமிக்கு அதுவே கடைசிப்படியாகவும் அமைந்தது. சிறுவன் இடைவேளையிற் பொறியில் அமர்ந்து பழகுவான். கூலி பிடிக்காவிடில் மறுவாரமே வேறு நிறுவனம் செல்வான். தேநீர்க்கடையில் நின்று எங்கே வேலை மிகுதி என்று அறிவான். இரவு வேலைக்கும் தங்குவான். திறமை என்று கூறப்படுவது இவ்வலைச்சலினாற் பெற்றதே. சிறுமி தேநீர்க்கடையில் நிற்றல் ஆகாது. இரவு தங்குதல் ஆகாது. வயதுக்கு வந்தபின் தனியே செல்லுதலும் ஐயத்திற்கு இடம். ஆகவே, பத்தாண்டு வேலை செய்த பின்னும் அவள் கைமடியாகவே இருந்தாள். ஏற்றுமதி பெருகிய பின்னர் மகளிர் பலர் தையற்பொறியின் முன் அமர்ந்தனர் என்பது உண்மை. அப்போதும் மாஸ்டரும் காண்டிராக்டரும் பெரும்பாலும் ஆடவரே. ஒன்றரை ஷிப்ட் என்று திருப்பூரில் வழங்கும் பன்னிரண்டு மணிநேர வேலைக்குமேல் தங்க இயலாதவள் இரவுக் கூலியையும் இழக்கின்றாள்.

இந்தியாவில் ஆண் பெண் இருவர்க்கும் சம ஊதியம் வழங்கும் சட்டம் 1976 இல் வந்தது. பின்னர் அது 2019 ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிற்று. ஒரே வேலைக்கும், ஒத்த தன்மையுடைய வேலைக்கும் ஊதியம் ஒன்றாதல் வேண்டும் என்பது அதன் உட்கிடை. வயல்வேலையில் ஆண் கூலி, பெண் கூலி என்று வெளிப்படப் பேசும் வழக்கம் உண்டு. பனியன் தொழிலுக்கு அது வேண்டுவதில்லை. உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகட்கு ஒருமுறை செய்துகொள்ளும் ஊதிய உடன்படிக்கை, வேலையின் பெயரால் கூலியை வகுக்கின்றது. கட்டிங், டெய்லர், அயனிங், பேக்கிங் ஒருபுறம். கைமடி, செக்கிங், டேமேஜ், அடுக்கிக் கட்டுதல் மறுபுறம். பாலைக் கூறாமலே பாலுக்கேற்ற கூலியை இப்பெயர்கள் வகுத்துவிடுகின்றன. துணியின் குறையைக் கண்டறியும் கண்கூர்மையும், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பிழையின்றி அடுக்கும் கைவிரைவும் திறமை என்று எழுதப்பட்டிருந்தால் இப்பட்டியல் வேறாகியிருக்கும். சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்குத் தெரியவில்லை.

ஒப்புமைக்கு ஒரு வழக்கை நோக்கலாம். அமெரிக்க நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மேல் கருப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில், 1976 இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. பின்வந்தோரை முதலில் நீக்கும் முறையால் வேலை இழந்தோர் அவர்கள். 1964க்கு முன் அந்நிறுவனம் கருப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. ஆதலின் பின்வந்தோர் ஆயினர். நீதிமன்றமோ, பெண்களை அந்நிறுவனம் முன்னரே எடுத்துள்ளது என்றது, அவர்கள் வெள்ளையர். நிறவேற்றுமைக் குற்றச்சாட்டைத் தனியே பிறிதொரு வழக்கோடு சேர்த்துக் கொள்ளலாம் என்றது. பெண்மையையும் நிறத்தையும் ஒருங்கே கூட்டி ஒரு புதிய உரிமையை ஆக்குதல் இயலாது என மறுத்தது. இத்தீர்ப்பினை ஆராய்ந்த கிம்பர்லே கிரென்ஷா என்னும் சட்டப் பேராசிரியர், 1989 இல், நாற்சந்தியில் நிற்பவரைப் பல திசையினின்றும் வரும் வண்டிகள் மோதக்கூடும் என்னும் உவமையால் இதன் குறையை விளக்கினார். குறுக்குவெட்டு என்று இன்று தமிழிற் சிலர் பெயர்க்கும் கோட்பாடு அதுவே.

உவமை நன்று. ஆயினும் திருப்பூருக்கு அது முழுதும் பொருந்துமோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. நாற்சந்தியில் வண்டிகள் தனித்தனி வருவன, எதிர்பாராமல் மோதுவன. ஈண்டோ ஒரு வண்டியை மற்றொன்று இழுத்துச் செல்கின்றது. அதற்குரிய சான்று நூற்பாலைகளில் உள்ளது.

சுமங்கலி

பருத்தியோடு பெண்ணைச் சேர்த்துப் பேசுதல் சங்க இலக்கியத்திலேயே உண்டு. துணையற்ற மகளிர் முயன்று நூற்ற மெல்லிய நூலை நற்றிணை உவமையாகக் கொள்கின்றது. நூற்கும் பெண்டிரைப் புறநானூறு அறியும். கௌடிலியரின் பொருள்நூல் இன்னும் வெளிப்படை. கைம்பெண்டிர், உறுப்புக்குறை உடையோர், கன்னியர் முதலியோரைக் கொண்டு நூல் நூற்பிக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. வீட்டைவிட்டு வெளியே வாராத பெண்டிர்க்குப் பணிமகளிர் வழியே வேலை அனுப்ப வேண்டும் என்றும் கூறுகின்றது. வெளியே வாராமை வேலை வாங்குதற்குத் தடையாகவில்லை என்பது கருதத்தக்கது.

கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவலாகப் பேசப்பட்டது சுமங்கலித் திட்டம். திருமகள் திருமணத் திட்டம் என்பது அதன் மற்றொரு பெயர். பதின்பருவப் பெண்கள் ஆலையின் விடுதியில் மூன்றாண்டு தங்கி வேலை செய்வர். மாதந்தோறும் சிறுதொகை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை. இடையில் நோயுற்று வெளியேறினால் அத்தொகை கிடைக்காமற் போதலும் உண்டு. மூன்றாண்டும் அவள் பயிற்சியாளர் என்றே அழைக்கப்படுவாள். தொழிலாளி என்று எழுதினால் தொழிலாளிக்குரிய சட்டங்கள் உடன் வரும். நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் இரண்டு 2011 இலும் 2014 இலும் வெளியிட்ட அறிக்கைகளால் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. அதன்பின் அப்பெயரைக் கைவிட்ட ஆலைகள் பல; விடுதிமுறை நீங்கவில்லை.

சுமங்கலி என்பது கணவனோடு வாழும் மனைவியைக் குறிக்கும் சொல். வேலை செய்பவள் மணமாகாதவள். அவள் செய்யும் வேலைக்கு மணமானவளின் பெயர். அவள் ஈட்டும் தொகை கூலி என்று பெயர் பெறாமல் திருமணச் செலவு என்று பெயர் பெறுகின்றது. வரதட்சிணையை 1961 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. ஆலையோ அதற்குரிய சேமிப்பினை ஒரு திட்டமாக்கியது. மேலே, மனைவியின் நகை கணவனின் பொறியாக மாறியது கண்டோம். அது நிலமுடையோர் குடும்பத்துக் கதை. நிலமற்றோர் குடும்பத்து மகள் தன் மணத்திற்குரிய பொருளைத் தானே நூற்று ஈட்டுகின்றாள். இரண்டிடத்தும் பெண்ணின் பொருள் ஆணின் கைக்குச் செல்கின்றது. ஓரிடத்தில் அது முதலாகும். மற்றோரிடத்தில் கடன் தீர்க்கும், அல்லது ஓர் இருசக்கர வண்டியாகும்.

பெற்றோர் மகளை ஆலைக்கு அனுப்பியது ஏன்? வறுமை என்பது பாதி விடை. விடுதியில் தங்கும் பெண்களுள் வறியோர் பெரும்பாலோர். தாழ்த்தப்பட்டோர் அவருள் மிகுதி. மறுபாதி விடை, ஆள்சேர்க்கும் தரகர் வாயில் முதலில் வரும் சொல்லில் உள்ளது: பாதுகாப்பு. உயர்ந்த மதில், பூட்டிய கதவு, கைப்பேசிக்குக் கட்டுப்பாடு, வெளியே செல்லின் உடன் ஒரு காவலர். தொழிலாளர் உரிமை நோக்கில் இவை அடைப்பு. பெற்றோர் நோக்கில் இவையே ஆலையின் சிறப்பு. மகள் பிறசாதி இளைஞனை விரும்பிவிடுவாளோ என்னும் அச்சம் எல்லாச் சாதியாரிடமும் உண்டு. அவ்வச்சத்திற்கு ஆலை விடை கூறிற்று.

அம்பேத்கர் 1916 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் படித்த கட்டுரையில், அகமணமே சாதியின் உயிர்நிலை என்றும், பெண்ணைக் கட்டுப்படுத்தும் வழக்கங்கள் அதனைக் காப்பதற்கே எழுந்தன என்றும் நிறுவினார். 1936 இல் எழுதிய நூலிற் சாதியானது தொழிற்பகுப்பு மட்டுமன்று, தொழிலாளரையே பகுப்பது என்றார். இரு கருத்துகளையும் இணைத்துப் படித்தால் நூற்பாலை விடுதி விளங்கும். சாதியைக் காக்கப் பெண்ணை அடைத்தல் வேண்டும். அடைபட்ட பெண்ணின் உழைப்பு மலிவு. மலிவான உழைப்பு தொழிலுக்கு வேண்டும். ஆலை சாதியைப் படைக்கவில்லை. சாதி முன்னரே கட்டிய மதிலின்மேல் கூரை வேய்ந்துகொண்டது. அம்மதில் எத்துணை வலியது என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சு 13 அன்று, பிறசாதிப் பெண்ணை மணந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவர் பலர் பார்க்க வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவியும் வெட்டுண்டு உயிர் தப்பினார்.

பண்ணையமும் பட்டறையும்

திருப்பூரிற் சாதி பார்ப்பதில்லை என்று கூறுவோர் உளர். இக்கூற்றினை எளிதில் ஒதுக்குதல் ஆகாது. தாழ்த்தப்பட்டோரே பலர் இதனைக் கூறுகின்றனர். கொங்கு நாட்டில் அருந்ததியர் பண்ணையாளாக ஆண்டுக்கூலிக்கு அமர்ந்து, சிறுவரை ஆடு மேய்க்க விட்டு, நிலவுடையாரைப் பண்ணாடி என்றும் சாமி என்றும் அழைத்த காலம் நெடிது. அவ்வாழ்வினைப் பெருமாள்முருகனின் கூளமாதாரி என்னும் புதினம் பொருளாகக் கொண்டது. சாமி என்னும் சொல்லின் வழக்கு கொங்கில் வியப்புடையது. வேளாளர் வீட்டில் குழந்தையைக் கொஞ்சும்போதும் சாமி என்பர். பண்ணையாள் தலைவனை விளிக்கும்போதும் சாமி என்பான். மேலிருந்து இறங்குங்கால் அன்பு. கீழிருந்து ஏறுங்கால் அச்சம். பனியன் நிறுவனத்தில் அச்சொல் வழக்கொழிந்தது. அங்கே எல்லாரும் அண்ணன், அக்கா. சிற்றூரில் தனிக்குவளையில் தேநீர் குடித்தவன், பேருந்தேறித் திருப்பூரில் இறங்கி யாவரும் குடிக்கும் குவளையிற் குடிக்கின்றான். இஃது உண்மையான விடுதலை. இதன் அருமை அப்பேருந்தில் செல்லாத எம்போன்றோர்க்குத் தெரியாது.

ஆயினும் அப்பேருந்தில் யாவரும் ஏறுவதில்லை. இப்பகுதிச் சிற்றூர்களைப் பல்லாண்டு ஆராய்ந்த கிரேசு கார்சுவெல், கீர்த் தெ நேவ் ஆகியோர் கண்ட உண்மை ஒன்று உண்டு. விசைத்தறி மிக்க ஊர்களில் தாழ்த்தப்பட்டோர் முன்பணம் பெற்றுத் தறிக்குக் கட்டுண்டு கிடக்கின்றனர்; பனியன் தொழிலுக்குச் செல்வோர்க்கு அக்கட்டு இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1976 இல் வந்ததே. பண்ணையத்தின் முன்பணம் தறிக்கூடத்தின் முன்பணமாகப் பெயர் மாறாமலே இடம் மாறிற்று. கட்டுண்டவன் ஊரைவிட்டு வெளியேறுதல் அரிது. ஆடவன் வெளியேறினாலும் மனைவி ஊரிலேயே தங்குகின்றாள். குழந்தையும் கால்நடையும் முதியோரும் அவள் பொறுப்பு. ஆகவே பண்ணாடி வீட்டு வயலிலும் ஊரக வேலைத் திட்டத்திலும் காணப்படுவோர் பெரும்பாலும் பெண்டிரே. சாதியிலிருந்து வெளியேறும் வழியும் ஆண்பாலுக்கே முதலில் திறந்தது. அருந்ததியர்க்குத் தனி இட ஒதுக்கீடு அளித்த 2009 ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கும் அரசுப் பணிக்கும் உரியது. பனியன் நிறுவனத்தின் வாயிலை அது கடவாது.

மூன்றும் ஒருங்கே எழுதப்பட்ட ஓர் ஆவணம் அண்மையில் தோன்றியது. திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலையொன்றில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட வகுப்பு இளம்பெண் 2021 சனவரியிற் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அதன்பின், தாழ்த்தப்பட்ட பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து, ஆலை உரிமையாளரோடும் அயல்நாட்டு ஆடை வணிக நிறுவனத்தோடும் 2022 ஏப்பிரலில் உடன்பாடு கண்டது. திண்டுக்கல் உடன்பாடு எனப்படும் அது, பெண்கள் மீதான வன்முறையையும் சாதியால் நேரும் வேறுபாட்டையும் சேர்த்தே பேசுகின்றது. வேலைத்தளத்தில் கண்காணிக்கும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற தொழிலாளரிடமே அளிக்கின்றது. அமெரிக்க நீதிமன்றம் 1976 இல் கூட்டுதற்கு மறுத்தவற்றை ஒரு தமிழ்நாட்டுச் சங்கம் ஓர் உடன்பாட்டில் கூட்டியது. ஒப்பந்தம் ஓர் உரிமையாளரைப் பற்றியது மட்டுமே என்பதையும் மறத்தல் ஆகாது.

இனி, இனம் என்னும் சொல்லுக்கு மீள்வோம். இன்று திருப்பூரில் ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலத்துத் தொழிலாளர் பெருந்தொகையினர். ஊரார் அவர்களை வடக்கத்தியார் என்றோ இந்திக்காரர் என்றோ ஒரே பெயரால் குறிப்பர். ஒடிய மொழி பேசுவோரும் சந்தாலி பேசுவோரும் அப்பெயருள் அடக்கம். தம் ஊரில் இன்ன சாதி எனச் சுட்டப்பட்டோர் ஈண்டு ஒரே இனம் ஆகின்றனர். சாதி கண்ணுக்கு மறைய, இனம் கண்ணுக்குத் தெரிகின்றது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தார் தாக்கப்படுகின்றனர் எனப் பொய்யான காணொளிகள் பரவித் தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அரசு ஒரு குழுவைத் திருப்பூருக்கு அனுப்பி உண்மை அறிந்தது. பொய்ச்செய்தி அத்துணை விரைவில் நம்பப்பட்டமைக்கு, அவர்களுக்கும் ஊராருக்கும் இடையே பொதுவான சொற்கள் மிகக் குறைவாக இருந்ததும் ஒரு காரணம் என்று எண்ணுகின்றோம். கூலி என்னும் நம் சொல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கும் மலாயாவிற்கும் சென்ற தமிழரின்மேல் ஆளைக் குறிக்கும் பெயராக ஒட்டிக்கொண்டதை நாம் அறிவோம். கோலி என்னும் குசராத்துச் சாதிப்பெயரே அதற்கு மூலம் என்பாரும் உளர். எது மூலமாயினும், அவ்விழிசொல்லைச் சுமந்தவர் நம் முன்னோர்.

வேலை வாயில்களில் தொங்கும் தட்டிகள் இப்போது இந்தியிலும் எழுதப்படுகின்றன. கட்டிங்கும் டெய்லரும் செக்கிங்கும் எழுத்து மாறினும் ஒலி மாறுவதில்லை. கைமடிக்கு அங்கே எச்சொல் வழங்குகின்றது, விடுதியில் தங்கும் ஒடிய நாட்டுப் பெண் தன் வேலையை வீட்டாருக்கு எப்பெயரால் கூறுகின்றாள் என்பனவற்றை அம்மொழி அறிந்தார் ஒருவர் துணையோடு ஆராய எண்ணியுள்ளோம். முதுகலை மாணவருள் அவ்வாராய்ச்சியை மேற்கொள்வார் உளராயின் வரவேற்போம்.